யாருடைய பகல் கனவு?

கிஜுபாய் பதேக்கா குஜராத்தி மொழியில் எழுதிய 'திவாஸ்வப்ன' என்னும் சிறு நூல் 1932ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'பகல் கனவு' என்ற பெயரோடு அது தமிழிலும் படிக்கக் கிடைக்கிறது. நூலின் கதை மிக எளியது. கல்வியைப் பற்றிப் புதிய எண்ணங்கள் கொண்ட இலட்சுமிராம் என்பவர் கல்வி அதிகாரியிடம் சென்று, ஆரம்பப் பாடசாலை ஒன்றின் நான்காம் வகுப்பைத் தம்மிடம் ஓராண்டு காலத்துக்கு ஒப்படைக்குமாறு வேண்டுகிறார். அதிகாரி ஐயத்தோடு இசைகிறார். கதைகளும் விளையாட்டுகளும் நாடகமும் வெளியுலாவும் அவ்வகுப்புக்குள் புகுகின்றன. அந்த ஓராண்டின் வரலாற்றை அவ்வாசிரியரே தம் வாயாற் கூறுவதாக நூல் அமைந்துள்ளது.

அண்மையில் திருகோணமலை நகரில் நண்பர்கள் சிலர் மாலை வேளைகளிற் கூடி இந்நூலைப் படித்தோம். படித்து முடித்த அன்று, நான்கு வயதுப் பெண் குழந்தையின் தகப்பனாரான நண்பர் ஒருவர், "இதை வாசித்த பிறகு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. மனுசியும் நானுமாக வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கப் போகிறோம்" என்றார். கூடியிருந்தோரிற் சிலர் அதை ஆமோதித்தனர். பாடசாலையிற் கற்பித்து ஊதியம் பெற்று வாழும் எமக்கு அச்சொல் உறுத்தியது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் உறுத்தலை ஒருபுறம் வைத்துவிட்டு, நண்பரின் கூற்றை அந்நூலின்மீது கூறப்பட்ட ஒரு தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டு ஆராய விரும்புகிறோம். பாடசாலையை விட்டு வீட்டுக்குத் திரும்புங்கள் என்பதுதானா கிஜுபாய் சொல்வது? அன்றெனின் அவர் சொல்வது யாது?

முதலில் வீட்டுக் கல்வியின் பக்கம் நின்று பேசுவதே நியாயம். எமது நகரில் இளம் பிள்ளைகளைச் சில காலமேனும் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் சிலவற்றை நாம் அறிவோம். அவ்வீடுகளிற் காணும் காட்சி மகிழ்ச்சி தருவது. காலையிற் கடற்கரையிற் பொறுக்கிய சிப்பிகளையும் சோகிகளையும் பிள்ளை இனம் பிரித்து வைக்கிறது; பத்துப் பத்தாக அடுக்குகிறது; அங்கே கூட்டலும் கழித்தலும் பிறக்கின்றன. ஈரத் துணியிலே பயறு முளைக்கிறது. அதன் வளர்ச்சியை நாள்தோறும் ஈர்க்கினால் அளந்து சுவரிற் கோடு இடுகிறார்கள். பனையோலையிற் காற்றாடியும் நுங்குக் கோம்பையில் வண்டிலும் உருவாகின்றன. பிரெட்றிக் கோட்டைப் பக்கம் உலவும் மான்களைப் பார்த்துவிட்டு வந்து அவற்றின் புள்ளிகளைப் பிள்ளை களிமண்ணிற் குத்திக் காட்டுகிறது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் மாறிமாறி நீரைத் தொட்டு, எது கூடச் சூடு, எது குறையச் சூடு என்று வாதிடுகிறது. எண்ணும் எழுத்தும் அறிவியலும் இவ்வாறு கைவழியாகவும் கால்வழியாகவும் உடலில் ஏறுகின்றன. பிள்ளைக்கு ஏற்ற கல்வி இதுவே என்பதில் எமக்கு ஐயமில்லை.

பெற்றோர் பாடசாலைக்கு அஞ்சுவதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை என்ற ஒன்று, முதலாந் தரத்துப் பிள்ளையின் தலைமீதே நிழல் விரிக்கிறது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1940களில் முன்னின்று நடத்திய கல்விச் சீர்திருத்தங்களின் போது, ஏழைக் கிராமத்துப் பிள்ளைகள் மத்திய கல்லூரிகளை அடைவதற்கு வழியாக அமைந்தது அப்பரீட்சை. ஏழைக்காகத் திறந்த அந்த வாசல் இன்று தனியார் வகுப்புகளின் சந்தையாகிவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை பாடசாலை விட்டதும் ஒரு வகுப்புக்கும், அது விட்டதும் இன்னொரு வகுப்புக்குமாக ஓடுவதையும், சனி ஞாயிறுகளிலும் மாதிரி வினாத்தாள் எழுதுவதையும் எமது தெருக்களில் எவரும் காணலாம்.

இதிலே கசப்பான உண்மை ஒன்று உண்டு. விளையாட்டு வழிக் கல்வியை அரசு அறியாமலில்லை. 1997இல் வகுக்கப்பட்டு 1999இல் நாடு முழுவதும் முதலாந் தரத்தில் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றையும் கற்பித்தலின் வழிகளாக வகுத்தது. மிக இளையோருக்கு விளையாட்டே முதன்மை என்றும், வயது ஏற ஏறவே எழுத்துவேலை மிகவேண்டும் என்றும் அது கூறியது. 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்றொரு பாடமே உண்டு. பெயரிலே சுற்றாடலும் செயலும் இருக்கின்றன. ஆனால் பரீட்சை நெருங்க நெருங்கச் சுற்றாடல் பயிற்சிப் புத்தகத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. கண்டல் மரத்தைக் கண்டிராத பிள்ளை, உப்புநீரில் வளரும் தாவரம் எது என்ற வினாவுக்குச் சரியான விடையின் கீழ்க் கோடிடப் பழகுகிறது. கண்டற் காடோ அப்பிள்ளையின் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நிற்கிறது. இந்நிலையிலே, நண்பர் தம் மகளை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பினால் அவரைக் குறை கூற எமக்கு வாய் எழவில்லை.

ஆயினும் இங்கேயே நின்றுவிட இயலாது. தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் எமது இலக்கியத்தை ஒருமுறை திரும்பிப் பார்க்க விரும்புகிறோம். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. பெண்பாற் பிள்ளைத்தமிழிலோ கழங்கும் அம்மானையும் ஊசலும் இடம்பெறுகின்றன. எம் பகுதிச் சிறுமியர் இன்றும் மணலிலே குந்தியிருந்து ஆடும் கொக்கான் அக்கழங்கை ஒத்ததே. குழந்தையின் வளர்ச்சியை அதன் விளையாட்டைக்கொண்டு வகுத்த மரபு எம்முடையது என்று பெருமைப்படலாம். ஆனால் அப்பருவங்களெல்லாம் யாருக்காகப் பாடப்பட்டன? கடவுளரையும் அரசரையும் பெரியோரையும் குழந்தைகளாக்கிப் பாடினார்கள். ஊர்ப் பிள்ளைக்குக் கிடைத்தது திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிரம்பு. பல சாதியாரின் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

இன்னும் பின்னே சென்றால் பட்டினப்பாலை இருக்கிறது. அது பாடும் காவிரிப்பூம்பட்டினமும் எமது நகரைப் போல ஒரு துறைமுகப்பட்டினமே. அங்கே பொன்னணி பூண்ட பிள்ளைகள் குதிரையில்லாத மூன்று கால் சிறுதேரை உருட்டுகிறார்கள். உலரும் உணவைத் தின்னவரும் கோழியை விரட்டப் பெண்கள் கழற்றி எறிந்த பொற்குழை அத்தேரின் வழியைத் தடுக்கிறதாம். அதே பாட்டிலே பரதவரின் குறுங்கூரைக் குடியிருப்பும் வலை காயும் மணல் முற்றமும் வருகின்றன. அவர்கள் நண்டை ஆட்டியும் அலையிலே திளைத்தும் மகிழ்வதைப் புலவர் அன்போடு காட்டுகிறார். விளையாட்டு இரு சாராருக்கும் உண்டு. ஓய்வும் உடைமையும் சமமாக இல்லை. வீட்டுக் கல்வியைப் பற்றிய எமது கேள்வியும் இதிலிருந்தே எழுகிறது.

நாம் முன்னே வருணித்த வீட்டை மறுபடி பார்ப்போம். அங்கே பகல் முழுவதும் பிள்ளையோடிருக்க ஒருவர் வேண்டும். அவர் படித்தவராக இருக்கவேண்டும். பெரும்பாலும் அவர் தாயே. பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்று, தொழிலை விட்டுவிட்டு, ஊதியமில்லாத ஆசிரியையாக அவர் வீட்டில் அமர்கிறார். அவருடைய உழைப்பை எந்தக் கணக்கிலும் எவரும் எழுதுவதில்லை. தகப்பனாரின் சம்பளம் தனித்தே குடும்பத்தைத் தாங்கவேண்டும். நண்பர், 'மனுசியும் நானும்' என்றார். நாம் அவரை விசாரித்தபோது, காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை அவர் கந்தோரில் இருப்பதாகவும், ஆகவே பொறுப்பு உண்மையில் மனைவியுடையது என்றும் ஒப்புக்கொண்டார்.

அதே தெருவின் கடைக்கோடிக்கு வருவோம். அங்கே ஒரு தாய் விடியுமுன் மீன் வாடிக்குச் செல்கிறாள். இன்னொருத்தி வளைகுடா நாடொன்றிலே பிறர் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய பிள்ளையை அம்மம்மா வளர்க்கிறாள். இவர்களிடம் போய், பாடசாலை பிழையானது, வீட்டிலே கற்பியுங்கள் என்று யார் சொல்வது? 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொவிட் தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் நீண்டகாலம் மூடப்பட்டபோது இலங்கையின் ஒவ்வொரு வீடும் கட்டாயமாகப் பாடசாலையாயிற்று. அது எவரும் விரும்பி நடத்திய பரிசோதனை அன்று. எனினும் அதன் முடிவை நாம் வகுப்பறையிற் கண்டோம். மீளத் திறந்தபோது, சில பிள்ளைகள் முன்னிலும் நன்றாக வாசித்தனர், சில பிள்ளைகள் எழுத்துகளையே மறந்து வந்தனர், சிலர் வரவேயில்லை. வீடு வீடாக இருந்த வேற்றுமையே பிள்ளை பிள்ளையாகக் கல்வியில் வந்து நின்றது.

அவ்வாறு வந்தவர்களில் ஒருவன் எம் மாணவன். பதின்மூன்று வயது, எட்டாந் தரம், தட்டுத் தடுமாறி எழுத்துக் கூட்டுவான். ஆனால் கிழிந்த வலையை அவன் திருத்துவதைப் பார்த்தால் வியப்பாயிருக்கும். ஓட்டையின் ஓரத்தைக் கண் கண்ணாக எண்ணி, எங்கே தொடங்கினால் முடிச்சு சரியாக முடியும் என்று மனத்துக்குள்ளே கணக்கிட்டு ஊசியை ஓட்டுவான். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றை முகத்தினாலேயே அறிவான். எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு வரும் என்று கேட்டால் நெடுநேரம் பேசுவான். நகரத்து வீடொன்றிற் பிள்ளை ஒன்று நூலால் மூன்று முடிச்சுப் போட்டால் அதனைப் படம் பிடித்து, செயற்பாடு என்று பெயரிட்டு மகிழ்கிறோம். இவன் மூவாயிரம் முடிச்சுப் போட்டால் அதனைப் படிப்பு வராதவனின் வேலை என்கிறோம். கை ஒன்றே, முடிச்சும் ஒன்றே. ஒன்றைக் கல்வியென்றும் மற்றொன்றை விதியென்றும் பிரித்தது எது?

இக்கேள்வியோடு கிஜுபாயிடம் திரும்புவோம். அவருடைய வாழ்க்கையே இதற்கு ஒரு விடை தருகிறது. 1885இற் பிறந்த அவர் தொழிலால் வழக்கறிஞர். 1913இல் தமக்கு மகன் பிறந்தபோதுதான், இப்பிள்ளையை எவ்வாறு வளர்ப்பது என்ற கவலை அவருக்கு உண்டாயிற்று. அக்கவலையே மரியா மொண்டிசோரியின் கருத்துகளிடம் அவரைக் கொண்டுசென்றது. அதாவது, எமது நண்பர் இன்று நிற்கும் அதே இடத்தில்தான் அவரும் அன்று நின்றார்: தம் வீட்டில், தம் பிள்ளையின் முன்னால். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. 1916இற் பாவநகரின் தட்சிணாமூர்த்தி மாணவர் இல்லத்திற் சேர்ந்தார், வழக்குரைத்தலைக் கைவிட்டார், 1920இல் இளம் பிள்ளைகளுக்கான பால மந்திரைத் தொடங்கினார். தகப்பனாகத் தொடங்கியவர் 'மீசை வைத்த தாய்' என்று ஊரார் அழைக்கும் ஆசிரியரானார்.

இதனினும் முக்கியமான செய்தி நூலின் களத்தில் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் பால மந்திரை நடத்திய அனுபவம் அவரிடம் இருந்தது. அங்கே நல்ல கட்டடம் இருந்தது. ஏற்ற கருவிகள் இருந்தன. ஒத்த கருத்துடைய தோழர்கள் இருந்தனர். கதை எழுத விரும்பியவர் அதையே களமாகக் கொண்டிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அதிகாரிக்குக் கட்டுப்பட்ட, பரீட்சைக்குக் கட்டுப்பட்ட, ஏளனம் செய்யும் சக ஆசிரியர்களும் ஐயுறும் பெற்றோரும் சூழ்ந்த ஒரு சாதாரண ஆரம்பப் பாடசாலையின் நான்காம் வகுப்பையே தேர்ந்தெடுத்தார். அங்கே முடியுமென்றால் எங்கும் முடியும் என்பதே அத்தேர்வின் பொருள். நூலின் உருவம் அதன் கொள்கையைச் சொல்கிறது என்று நாம் கருதுவது இதனாலேயே.

அவர் அந்தப் பாடசாலையை அழகுபடுத்திக் காட்டவும் இல்லை. முதல் நாளிலே ஆசிரியர் அமைதி விளையாட்டு ஒன்றைத் தொடங்க, பிள்ளைகள் கூச்சலிட்டுக் கேலி செய்கின்றனர். நூலறிவு அனைத்தும் அங்கே தோற்றுவிடுகிறது. மறுநாள் கதையோடு வருகிறார். அப்போதுதான் வகுப்பு அவர் பக்கம் திரும்புகிறது. பாடநூல் வாங்கும் பணத்தைக் கொண்டு வகுப்புக்கென ஒரு நூலகம் அமைக்கிறார். இங்கே கவனிக்கவேண்டியது, பொருள்கள் யாவும் வகுப்பின் பொதுவுடைமையாகின்றன என்பது. ஆளுக்கொரு பாடநூல் என்பதற்குப் பதிலாக, எல்லாருக்கும் பல நூல்கள். இந்தச் சிறு ஏற்பாட்டை வீட்டுக் கல்வியிலே செய்ய இயலாது. அங்கே நூல் அலுமாரி அவ்வீட்டுப் பிள்ளைக்கே உரியது.

நூலிற் குறைகளும் உண்டு. மாற்றம் முழுவதும் ஒரு மனிதரின் தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது. அவர் தாமே விரும்பி வந்தவர். ஓராண்டுக்கு மட்டும் வந்தவர். முப்பது ஆண்டு அதே வகுப்பறையில் நின்று குடும்பத்தைக் காப்பாற்றவேண்டிய ஆசிரியரின் களைப்பை அவர் அறியார்; அவர் ஏளனமாகப் பார்க்கும் சக ஆசிரியர்களின் பக்கத்து நியாயம் நூலிற் போதிய இடம் பெறவில்லை. பாடசாலை வாசலையே மிதியாத பிள்ளைகள் நூலின் மையத்துக்கு வருவதில்லை. அதிகாரி நல்லவராக வாய்த்தமையாற் பரிசோதனை நடந்தது. வாய்க்காவிடில் என்ன செய்வது என்ற வினாவுக்கு நூலில் விடையில்லை. ஆகவே இதனைக் கனவு என்று ஆசிரியர் அழைத்தது பொருத்தமே. ஆயினும் அது பொதுப் பாடசாலையைப் பற்றிய கனவு.

இதற்கு நேர்மாறான திசையிற் பயணம் செய்த ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். அமெரிக்க ஆசிரியரான ஜோன் ஹோல்ட், பிள்ளைகள் வகுப்பறையில் எவ்வாறு தோற்கிறார்கள் என்பதைத் தம் வகுப்பிலேயே கூர்ந்து கவனித்து 1964இல் ஒரு நூல் எழுதினார். அச்சமே பிள்ளையின் அறிவை முடக்குகிறது என்று அவர் காட்டியது இன்றும் உண்மை. பாடசாலையைத் திருத்தலாம் என்று பல்லாண்டு முயன்றார். பின்பு நம்பிக்கை இழந்து, 1977இல் வீட்டிலே கற்பிக்கும் பெற்றோருக்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். உலகெங்கும் இன்று பரவியிருக்கும் வீட்டுக் கல்வி இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார். அவருடைய நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் கிஜுபாய் வீட்டிலிருந்து பாடசாலைக்குச் சென்றார். ஹோல்ட் பாடசாலையிலிருந்து வீட்டுக்குச் சென்றார். இருவரும் பிள்ளையை ஒரே அளவு நேசித்தவர்கள். முன்னவர் தம் மகனுக்குக் கிடைத்தது பிறர் மகனுக்கும் கிடைக்கவேண்டும் என்றார். பின்னவர், பிறருக்காகக் காத்திருந்து உம் பிள்ளையை இழந்துவிடாதீர் என்றார். எமது நண்பர் கிஜுபாயைப் படித்து ஹோல்ட்டின் முடிவுக்கு வந்திருக்கிறார்.

வீட்டையும் கைத்தொழிலையும் கல்வியாக்குவதில் வேறொரு ஆபத்தும் உண்டு. அதனைத் தமிழ்நாட்டின் வரலாறு எமக்குக் கற்பித்திருக்கிறது. 1937 ஒக்டோபரில் வார்தாவிற் காந்தியடிகள் கூட்டிய மாநாடு, கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தது. சாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. அங்கே கைத்தொழில் பாடசாலைக்குள் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் இராட்டையைத் தொடவேண்டும் என்பதே நோக்கம். பதினாறு ஆண்டுகளின் பின் 1953இற் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பாடசாலை நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்திற் பிள்ளை வீட்டிலே தகப்பனின் தொழிலைக் கற்கவேண்டும் என்பது ஏற்பாடு. சொல்லளவில் இதுவும் வீட்டுக் கல்விதான். இதுவும் கைவழிக் கல்விதான். ஆனால் சாதிக்குத் தொழில் என்று பிரிந்து கிடக்கும் சமுதாயத்திலே தகப்பனின் தொழில் என்பதன் பொருள் என்ன? குயவன் பிள்ளைக்கு மண், வண்ணான் பிள்ளைக்கு வெள்ளாவி என்பதே. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்பிரலில் இராஜாஜி பதவி விலகிக் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

எமது நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளில் தொழின்முன்னிலைப் பாடங்களைச் சேர்த்தது. ஊரிலே வழங்கும் தொழில்களைப் பாடசாலைக்குள் கொண்டுவந்து எல்லா மாணவருக்கும் கற்பிப்பது அதன் எண்ணம். கைவேலையைத் தாழ்வாகக் கருதிய பெற்றோர் பலர் அதனை விரும்பவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் கருவிகளும் போதவில்லை. 1977இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது. நல்ல எண்ணம் ஒன்று, அதற்கு வேண்டிய உழைப்பும் பொருளும் இடப்படாமையால் வாடிப்போயிற்று என்றே நாம் இதனை மதிப்பிடுகிறோம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எமக்குத் தெளிவாவது இதுதான். கைப்பணி தன்னளவிலே விடுதலையும் அன்று, விலங்கும் அன்று. பிள்ளை அதனைப் பிறரோடு சேர்ந்து பழகி, அதன் உள்ளேயிருக்கும் கணக்கையும் அறிவியலையும் கண்டு, விரும்பினால் அதிலே நிற்கவும் விரும்பாவிடில் அதைவிட்டு வேறிடம் போகவும் வழியிருந்தால் அது கல்வி. பிறந்த வீடே அதைத் தீர்மானித்தால் அது குலக்கல்வி. அதிகாரியின் வீட்டுப் பிள்ளைக்கு வண்ணத்தாளும் களிமண்ணும், மீனவன் வீட்டுப் பிள்ளைக்கு வலையும் உப்புநீரும் என்று அவரவர் வீட்டிலே அவரவர் கற்பதானால், சட்டம் எதுவுமில்லாமலே 1953ஆம் ஆண்டின் திட்டம் எமது நகரில் நடைமுறைக்கு வந்துவிடும். நண்பரின் வீட்டில் நடப்பது தனித்து நோக்கின் மிக நல்லது. தெரு முழுவதையும் நோக்கின் அது எமக்கு அச்சம் தருகிறது.

இரு பிள்ளைகளும் ஒரே நிலத்தில் அமர்ந்து ஒரே முடிச்சைப் போடக்கூடிய இடம் எமது சமுதாயத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதுதான் பொதுப் பாடசாலை. ஒருநாள் நாம் அதனைச் செய்து பார்த்தோம். முன்னே கூறிய மாணவனை வலையோடு வரச்செய்து, அவனை வகுப்பின் முன்னால் நிறுத்தினோம். வைத்தியரின் மகனும் கடைக்காரரின் மகளும் அவனிடம் முடிச்சுப் பழகினார்கள். வலைக்கண்களை எண்ணிப் பெருக்கல் செய்தார்கள். பிறகு அவன் காற்றுகளின் பெயரையும் மீன்களின் பெயரையும் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் கரும்பலகையில் எழுதினார்கள். சூடை, சாளை, பாரை, சூரை என்று நீண்ட அந்த வரிசையை இறுதியில் அவனே வாசித்தான். தான் சொன்ன சொற்களாதலால் அவனுக்கு அவை கடினமாக இருக்கவில்லை. தொடர்ந்து பல வாரம் அவ்வாறே அவன் சொல்ல எழுதி, அவன் வாசித்தான். நாம் பட்டம் பெற்றுக் கற்றதனைத்தும் அந்தச் சில வாரங்களுக்கு உதவியது என்று மகிழ்ந்தோம்.

தவணைப் பரீட்சை வந்தது. வலையைப் பற்றியோ காற்றைப் பற்றியோ அதில் ஒரு வினாவும் இல்லை. அவன் பெற்ற புள்ளிகள் முன்போலவே இருந்தன. அடுத்த ஆண்டு, கடல் அடங்கிய பருவத்திலே தகப்பனோடு தோணியில் ஏறிவிட்டான். கல்வி 1998 முதல் 14 வயது வரைக்கும், 2016 முதல் 16 வயது வரைக்கும் இந்நாட்டிலே கட்டாயம். வீட்டுக்குச் சென்று அதனைச் சொன்னோம். "சேர், அந்தப் பாடத்தைச் சோதினையிலே கேட்டிருந்தால் அவன் நிண்டிருப்பான்" என்றார் தாயார். பரீட்சைத் தாளை அமைக்கும் அதிகாரம் எமக்கில்லை என்று அவரிடம் கூற எமக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே, வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரைப் பழிப்பது எமது நோக்கமன்று. அவர்கள் கண்டுபிடித்தவற்றைப் பொதுவாக்கும்படி கேட்பதே நோக்கம். இலவசக் கல்வி 1945 முதல் இந்நாட்டு மக்களின் உரிமை. ஆனால் அது முதலாந் தரத்திலேயே தொடங்குகிறது. பிள்ளை கையாலும் காலாலும் கற்கும் பொன்னான வயதுக்குரிய முன்பள்ளிகள் பெரும்பாலும் அதன் வாசலுக்கு வெளியே நிற்கின்றன. உள்ளூராட்சி மன்றங்களும் சமய நிலையங்களும் தன்னார்வ நிறுவனங்களும் தனியாரும் அவற்றை நடத்த, அங்கே கற்பிக்கும் இளம் பெண்கள் மிகச் சிறிய கொடுப்பனவுக்கு உழைக்கின்றனர். மொண்டிசோரி அம்மையார் 1907இல் உரோம் நகரத்துச் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலேதான் தம் முதற் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தார். இன்று எமது தெருக்களில் அவர் பெயர் தாங்கிய பலகையின் கீழே மாதக் கட்டணம் செலுத்தியே பிள்ளை உள்ளே நுழையவேண்டியிருக்கிறது.

முன்பள்ளியைப் பொதுக் கல்வியின் பகுதியாக்கி, அதன் ஆசிரியைகளுக்கு ஆசிரியர் என்ற நிலையும் ஊதியமும் வழங்கவேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தை ஒரே காலையில் தீர்மானிக்கும் பரீட்சையின் பிடியைத் தளர்த்தி, 1999இற் சொல்லப்பட்ட விளையாட்டையும் செயற்பாட்டையும் வகுப்பறையில் உண்மையாகவே வாழவிடவேண்டும். கடலும் உப்பளமும் கண்டற் காடும் வயலும் கொண்ட இந்த மாவட்டத்திலே, வலை பின்னுவோரும் பாய் இழைப்போரும் தோணி செய்வோரும் பாடசாலைக்குள் ஆசிரியராக வந்துபோக வழி செய்யவேண்டும். இவற்றைக் கேட்கும் குரல், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள வசதியுள்ள பெற்றோரிடமிருந்தும் எழவேண்டும். அவர்கள் குரலுக்கே அலுவலகங்கள் விரைந்து செவிசாய்க்கின்றன. அவர்கள் விலகிப்போனால் பாடசாலையில் எஞ்சுவோர் குரலற்றவர்களே.

நண்பரோடு இவற்றையெல்லாம் பேசினோம். அவர் முழுமையாக உடன்படவில்லை. "நீங்கள் பாடசாலையைத் திருத்தும் வரைக்கும் என்ர பிள்ளை காத்திருக்குமோ?" என்று கேட்டார். அக்கேள்விக்கு எம்மிடம் முழுமையான விடை இல்லை. ஹோல்ட்டின் கேள்வியும் அதுவே. ஆனால் அவர் மனைவி ஒரு காரியம் செய்திருக்கிறார். தம் மகளுக்காகச் சேர்த்த சிப்பிகளையும் விதைகளையும் ஓலைப் பொருள்களையும் ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு காலை, தெருவின் கடைக்கோடியிலுள்ள முன்பள்ளிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கியிருக்கிறார். அங்கே பிள்ளைகள் பெட்டியைச் சூழ்ந்துகொள்கிறார்கள். எந்தச் சோகி எந்தக் கரையிற் கிடைக்கும் என்று அவருக்கே சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களாம்.